சிகப்பு அல்ல, சிவப்பு

“சிகப்பு தப்பு. சிவப்புதான் சரி,” என்றார் திருத்தம்.

பள்ளிக்கூட வேனின் மூன்றாவது வரிசையில், எட்டு வயதுக் குழந்தைக்காகச் செய்த சீட்டில், முழங்கால் இரண்டும் காதைத் தொடும்படி மடங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் பேசுகிற பேச்சா இது? பக்கத்துச் சீட்டில் இருந்த பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், மணி பதினொண்ணரை. ரெண்டு மணிக்கு விசாரணை. ஒருத்தனோட பொழைப்பே போகப்போகுது. நீங்க எழுத்துப்பிழை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

“தப்பைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா.”

இருபத்திரண்டு வருஷம் ஒரு நாளிதழில் ப்ரூஃப் பார்த்த கை அது. அங்கே ஒட்டிக்கொண்ட பெயர்தான் திருத்தம். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்து ஆறு வருஷம் ஆன பிறகும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார். பட்டாசு அவருடைய உதவியாளர். முன்னால் கூரியர் ஆபீஸில் இருந்தாள். வாடிக்கையாளர்களிடம் வாயாடிய குற்றத்துக்காக அங்கே சீட்டைக் கிழித்தார்கள். அந்த வாய் தனக்கு வேண்டும் என்று திருத்தம் தேடி வந்து வேலை கொடுத்தார். கொடுத்ததற்கு வாரத்தில் நாலு நாளாவது வருத்தப்பட்டிருப்பார்.

“அக்கா, இவர் எப்பவும் இப்படித்தான். நீங்க பயப்படாம ஓட்டுங்க,” என்றாள் பட்டாசு, டிரைவர் சீட்டைப் பார்த்து.

வேனை ஓட்டிய அக்கா இன்னும் வேகமாக மிதித்தாள். காலையில் இருபத்தாறு குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேரே இவர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றவள் அவள். பின்னிய நீளச் சடையை முன்னால் தள்ளிவிட்டு, “என் தம்பியைக் காப்பாத்துங்க” என்று ஒரே வாக்கியம்தான் சொன்னாள். மீதிக் கதையை அழுகைக்கு நடுவே பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

கதை இதுதான். அவள் தம்பி ஒரு டைவிங் கைடு. கடலுக்கடியில் இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பல் படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போய், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் தொழில். போன வியாழக்கிழமை ஒரு வீடியோ கேமராக்காரரோடு இறங்கினான். தண்ணீருக்குள் இவர்கள் இரண்டு பேர்தான், மூன்றாவது ஆள் கிடையாது. கப்பலுக்குள்ளே போனதும், கேமராவில் மாட்டிக்கொள்ளத் தம்பி கொடுத்திருந்த லைட் பட்டென்று அணைந்தது. கேமராக்காரர் அரண்டுபோய், எங்கேயும் நின்று நிதானிக்காமல் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். தண்ணீருக்குள் அப்படி வரவே கூடாது, ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக்கொள்ளும். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில், அந்தக் குமிழைக் கரைக்கிற அழுத்த அறைக்குள் படுத்துக் கிடந்து பிழைத்தார். கைடு அவருக்குப் பின்னால் பதினோரு நிமிஷம் கழித்துத் தனியாக வந்து சேர்ந்தான்.

‘ஆபத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான்’ என்று கேமராக்காரர் புகார் கொடுத்துவிட்டார். அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நிரூபணமானால் டைவிங் சங்கம் லைசென்ஸை ஆயுளுக்கும் பிடுங்கிக்கொள்ளும்.

“தம்பி என்ன சொல்றான்?” என்று காலையில் திருத்தம் கேட்டிருந்தார்.

“கூடவேதான் இருந்தேன்கிறான் சார். தன் கையில இருந்த சின்ன லைட்டோட பக்கத்துல போய்ப் பிடிச்சானாம். அவர் உதறிட்டு மேல போயிட்டாராம். பின்னாடியே பாய்ஞ்சு போனா இவனுக்கும் அதே கதிதான், அதனால முறைப்படி நின்னு நின்னு வந்தேன்கிறான். யாரு நம்புறா? அதுக்குச் சாட்சி மீனுங்கதான்!”

இப்போது திருத்தம் மடியில் வைத்திருந்தது கேமராக்காரரின் வாக்குமூல நகல். அவர் சொல்லச் சொல்லச் சங்கத்தில் யாரோ அவசரமாகத் தட்டச்சு செய்தது. ‘விளக்கு அணைந்த பிறகு இரும்புத் தகடு என் உள்ளங்கையைக் கிழித்தது. சிகப்பாக ரத்தம் பெருகியதைப் பார்த்து மிகவும் பயந்துபோனேன். அப்போது வழிகாட்டி என் அருகில் இல்லை.’ அதில் ‘சிகப்பாக’வை அடித்து மேலே ‘சிவப்பாக’ என்று போட்டிருந்தார். ஒற்று விட்டுப்போன இடங்களில் எல்லாம் ப் போட்டு, க் போட்டு, பக்கம் முழுக்கச் செவ்வரி ஓடியிருந்தது.

“சார், அந்தாளு பொய் சொல்றாருன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிடும்,” என்றாள் பட்டாசு.

“பொய் சொல்றவங்க இவ்வளவு ஒற்றுப்பிழை விட மாட்டாங்கம்மா. யோசிச்சு யோசிச்சுச் சொல்லுவாங்க.”

“இது என்ன சார் புது சயின்ஸ்?”

வேன் நின்றது. எதிரே டைவிங் சாமான் கடை. விசாரணைக்கு முன்னால் இவர்கள் கையில் இருந்த ஒரே நூல்முனை இங்கேதான் இருந்தது. அணைந்துபோன அந்த லைட்டைச் சோதித்து அறிக்கை கொடுக்கும்படி சங்கம் இந்தக் கடைக்காரரைத்தான் கேட்டிருந்தது. ஊரில் அவருக்குப் பல்புக்காரர் என்று பெயர். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் தயாராகலாம். நேரே கேட்டால் சொல்ல மாட்டார் என்பதால் லைட் வாங்க வந்தவர்களாக நடிப்பது என்று பட்டாசு திட்டம் போட்டிருந்தாள்.

“அக்கா, நீங்க வாயே திறக்கக் கூடாது. சரியா?”

அக்கா தலையாட்டினாள்.

கடைக்குள் ரப்பர் வாசனை தூக்கலாக இருந்தது. கறுப்பு உடைகள் வரிசையாகத் தொங்கின. கல்லா பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர், அதன் அடியில் மூன்று லைட்டுகள் எரிந்துகொண்டே கிடந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு கனத்த ஆள் அவற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வீடியோ லைட் வேணும். கடலுக்கடியில படம் எடுக்க,” என்றாள் பட்டாசு.

“எத்தனை மீட்டருக்கு?”

“நீங்க எத்தனை மீட்டர் குடுத்தாலும் சரி.”

“துணியா வாங்க வந்திருக்கீங்க? எத்தனை மீட்டர் ஆழத்துக்குப் போவீங்கன்னு கேட்டேன்.”

பட்டாசுக்கு அரை விநாடி வாய் அடைத்தது. இது அபூர்வம் என்பதால் திருத்தம் திரும்பிப் பார்த்தார்.

“முப்பது,” என்று சமாளித்தாள். “இதோ, இது நல்லா இருக்கே! இருபதாயிரம் லூமென்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.”

“அட்டைப்பெட்டிக்கு என்னம்மா, வெக்கமா மானமா? ஒரு லட்சம்னுகூடப் போடுவான்.” பல்புக்காரர் அதை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தார். “முதல் மூணு நிமிஷம் புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். அப்புறம் சூடு தாங்காம தானே பாதியா இறங்கிடும். எவ்வளவு வெளிச்சம்னு கேக்காதீங்க. அதே வெளிச்சம் எத்தனை நிமிஷம் நிக்கும்னு கேளுங்க. நீங்க கீழ இருக்கப்போறது நாப்பது நிமிஷம்னா அறுபது நிமிஷம் நிக்கணும். அதுக்குத்தான் இதுங்களை வாளியில போட்டுட்டு மணி பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“அப்போ இந்த ஒல்லியா நீளமா இருக்கறது?”

“அது டார்ச்சு. ஒரே இடத்துல ஊசி குத்தின மாதிரி அடிக்கும். வீடியோவுல நடுவுல வெள்ளைப் பொட்டு, சுத்தி இருட்டு. படம் எடுக்கணும்னா வெளிச்சம் அகலமா, ஒரே சீரா விரியணும். அப்புறம் சுவிட்சைப் பாருங்க. கை விறைச்சுப்போய்க் கையுறையோட இருக்கறப்ப அழுத்த முடியுதான்னு கண்ணை மூடிக்கிட்டு அழுத்திப் பாருங்க. கடையில எல்லாரும் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் அழுத்துறாங்க.”

அவருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. ஒரு லைட்டின் தலையைத் திருகித் திறந்து காட்டினார். கழுத்தில் இரண்டு மெல்லிய ரப்பர் வளையங்கள் இருந்தன.

“உசுரு இங்கதான் இருக்கு. ஒத்தை வளையம் இருக்கற லைட்டை இலவசமாக் குடுத்தாலும் வாங்காதீங்க. பேட்டரி மாத்துற ஒவ்வொரு தடவையும் இதைத் துடைச்சு, துளி கிரீஸ் தடவி, கண்ணுக்கு நேரா வச்சுப் பார்த்து மூடணும். மணல் ஒண்ணு, நூல் ஒண்ணு, ஏன், ஒரு—”

“அய்யோ, அது என் தம்பியோட லைட்டு!”

வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி அழைத்து வந்த அக்கா, அவருக்குப் பின்னால் மேஜைமேல் இருந்த ஒரு லைட்டைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நீல டேப் சுற்றியிருந்த லைட்.

பல்புக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லைட் வாங்க வந்து பல்பு வாங்கியாச்சு,” என்று பட்டாசு முணுமுணுத்தாள்.

திருத்தம் முன்னால் வந்தார். “மன்னிச்சுக்கங்க. நடிப்பு நமக்கு வரலை. அந்தப் பையனுக்காகத்தான் வந்திருக்கோம். அறிக்கையை மாத்தச் சொல்லிக் கேக்க வரலை, என்ன இருக்குன்னு சொன்னாப் போதும்.”

பல்புக்காரர் மேஜைப் பக்கம் திரும்பினார். பிறகு, “ரெண்டு மணிக்கு எல்லார் முன்னாடியும் படிக்கப்போறதுதானே,” என்று நீல டேப் லைட்டை எடுத்து வைத்தார்.

“நல்ல லைட்டு. நான்தான் அவனுக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுத்தேன். ரெட்டை வளையம், அறுபது மீட்டர் தாங்கும். ஆனா உள்ள தண்ணி புகுந்துடுச்சு. ஏன் புகுந்துச்சுன்னா, இதனால.”

ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவைத் திறந்து இடுக்கியால் எதையோ தூக்கிப் பிடித்தார். முதலில் பட்டாசுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கையை உயர்த்த உயர்த்த அது நீண்டுகொண்டே போனது. ஒரு தலைமுடி.

“ரெண்டு வளையத்துக்கும் குறுக்க மாட்டியிருந்துச்சு. இருபத்தெட்டு மீட்டர் அழுத்தத்துக்கு இந்த ஒரு முடி வழி போதும். தான்தான் மூடினதா அவனே சங்கத்துல எழுதிக் குடுத்திருக்கான். கவனமில்லாம மூடியிருக்காங்கன்னுதான் நானும் எழுதியிருக்கேன். வேற எழுத வழியில்லை.”

கேமராக்காரருக்குத் தலை வழுக்கை என்று அக்கா காலையிலேயே சொல்லியிருந்தாள். தம்பி தலையை ஒட்ட வெட்டிக்கொள்கிறவன், தண்ணீரில் தொல்லையாக இருக்கும் என்று. பட்டாசு வேண்டுமென்று பார்க்கவில்லை, ஆனாலும் அவள் கண் தானாக அந்த நீளச் சடைக்குப் போய்விட்டது.

அக்கா சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்கு அவனுக்கு ஜலதோஷம் மாதிரி இருந்துச்சு,” என்றாள் மெதுவாக. “இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டுமேன்னு நானே பேட்டரி மாத்தி மூடி வச்சேன். தலைக்குக் குளிச்சிட்டு ஈரத் தலையோட... துடைச்சு மூடினேன் சார், கிரீஸ்கூடப் போட்டேன்...” சட்டென்று நிமிர்ந்தாள். “ஆனா அவன் சங்கத்துல ‘நான்தான் மூடினேன்’னு எழுதிக் குடுத்திருக்கானே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பட்டாசு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். காப்பாற்றுவதற்காகப் பிடித்த நூல்முனை தம்பியின் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றியிருந்தது.

பல்புக்காரருக்கே மனசு கேட்கவில்லை. “இங்க பாரும்மா. எந்த லைட்டும் ஒரு நாள் சாகும். லைட்டு செத்ததுக்காக எவன் லைசென்ஸையும் பிடுங்க மாட்டாங்க, திட்டுவாங்க. ஆளை விட்டுட்டு வந்தானாங்கறதுதான் கேள்வி. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.”

“ஒரு சந்தேகம்,” என்றார் திருத்தம். “லைட் அணைஞ்சதுன்னா அங்க கும்மிருட்டா?”

“உச்சி வேளையில இறங்கினாங்க, கப்பல்ல பெரிய ஓட்டை இருக்கு. கும்மிருட்டு இருக்காது. மங்கலா இருக்கும். சொன்னாப் புரியாது, வாங்க.”

கடைக்குப் பின்னால் ஒரு கதவு. உள்ளே குளியலறை அளவுக்கு ஓர் அறை, ஜன்னல் கிடையாது. உச்சியில் ஒரு விளக்கு நீலமும் பச்சையுமாக எரிந்தது. “இதுக்குப் பேரு இருபத்தெட்டாம் மீட்டர். லைட் வாங்க வர்றவங்களை முதல்ல இதுக்குள்ள நிறுத்துவேன். எதுக்கு லைட் வேணும்னு அப்பத்தான் உறைக்கும்.”

நாலு பேரும் நெருக்கியடித்து நின்றதும் கதவைச் சாத்தினார்.

“அய்யய்யோ, என் சுடிதார்!” என்று அலறினாள் பட்டாசு. இரண்டு நாள் முன்னால் ஆசையாக வாங்கிய செக்கச்செவேல் சுடிதார் கரித்துணியாகிவிட்டிருந்தது. “துவைச்சாக்கூட இப்படி ஆகாதே! என்னண்ணே பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலை. தண்ணி பண்ற வேலைதான். இறங்க இறங்க முதல்ல போறது இந்த நிறம்தான். அஞ்சாறு மீட்டர்லயே மங்க ஆரம்பிச்சிடும், இவ்வளவு ஆழத்துல சுத்தமா இருக்காது. அப்புறம்...” கையிலிருந்த வீடியோ லைட்டைப் போட்டார். சுடிதார் பளீரென்று திரும்பி வந்தது. “பார்த்தீங்களா? நிறத்தை நாமதான் லைட்டோட சேர்த்துக் கொண்டுபோகணும்.”

“சார், பார்த்தீங்களா? சா...ர்?”

திருத்தம் சுடிதாரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வாக்குமூலத்தை மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். பல்புக்காரர் கையிலிருந்து லைட்டை வாங்கி அணைத்தார். பக்கம் முழுக்க அவர் போட்ட திருத்தமெல்லாம் தட்டச்சு எழுத்தோடு எழுத்தாகக் கறுத்துப்போனது. லைட்டைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

“சார், அது கடைக்காரர் பேட்டரி,” என்றாள் பட்டாசு.

“வீடியோவை நீங்க பார்த்தீங்களா?” என்று அவர் பல்புக்காரரைக் கேட்டார்.

“பார்த்தேன். பதினாலாவது நிமிஷம் லைட் அணையுது. அந்தாளு கேமராவை விட்டுட்டார். அது வார்ல தொங்கிக்கிட்டு வெறும் சேத்தைத்தான் காட்டுது.”

“அணைஞ்ச லைட் திரும்ப எரிஞ்சிருக்குமா?”

“தண்ணி குடிச்ச லைட்டா? அதோட முடிஞ்சுது.”

திருத்தம் தாளை மடித்துப் பையில் வைத்தார். “ஆறு தடவை படிச்சேன். ஆறு தடவையும் எழுத்தைத்தான் பார்த்தேன். சே! வண்டியை எடுங்கம்மா.”

வேனில் பட்டாசு நச்சரித்துத் தீர்த்துவிட்டாள். “அந்தக் கேமராக்காரர் பொய் சொல்றார், அதானே? சொல்லுங்க சார், பொய்தானே?”

“ஒரு வார்த்தை பொய் இல்லை. அச்சு அசல் உண்மை. அவர் மாத்திச் சொல்லாம இருக்கணுமேன்னுதான் எனக்குக் கவலை.”

அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியவில்லை.

சங்கத்து மாடி அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் சங்கத் தலைவி, நரைத்த கிராப்பும் வெயிலில் கறுத்த முகமுமாக. மூன்று பேருமே முப்பது வருஷமாகக் கடலில் இறங்குகிறவர்கள். இந்தப் பக்கம் கேமராக்காரர், வலது உள்ளங்கையில் தடித்த கட்டு. சுவர் ஓரமாகத் தம்பி நின்றான். வீங்கின மூக்கும் ஒட்ட வெட்டின தலையுமாக, அக்காவைப் பார்த்ததும் ‘நீ ஏன் வந்தே’ என்று கண்ணால் கேட்டான்.

பல்புக்காரர் அறிக்கையைப் படித்தார். முடி என்ற இடம் வந்ததும் தம்பி அவசரமாக, “நான்தான் மூடினேன். கவனிக்கலை,” என்றான்.

“லைட் இருக்கட்டும்,” என்றார் தலைவி. “ஆளை விட்டுட்டு வந்தியா இல்லையா? கூட இருந்தேன்னு சொல்றதுக்கு உன் வார்த்தையைத் தவிர என்ன இருக்கு?”

“இவர் வார்த்தை இருக்கு,” என்றார் திருத்தம், கேமராக்காரரைக் காட்டி. “நாலே கேள்வி. அனுமதி குடுத்தாக் கேக்கறேன்.”

தலைவி தலையசைத்தார்.

“ஐயா, லைட் அணைஞ்சது முதல்லயா, கை கிழிஞ்சது முதல்லயா?”

“லைட்டு. அணைஞ்சதும் தடவிக்கிட்டே போனேன், அப்பத்தான் கிழிச்சுது.”

“ரத்தத்தைக் கண்ணால பார்த்தீங்களா, இல்லை வலியை வச்சுச் சொல்றீங்களா?”

“என்னங்க இது! பார்த்தேன். செக்கச்செவேல்னு, உள்ளங்கை முழுக்க. இன்னைக்கும் கண்ணுலயே நிக்குது.”

“எந்த வெளிச்சத்துல பார்த்தீங்க?”

“கப்பல்ல ஓட்டை இருக்கே, அது வழியா வந்த வெளிச்சம்தான்.”

“கடைசிக் கேள்வி. நீங்க இதுக்கு முன்னாடி லைட் இல்லாம இவ்வளவு ஆழத்துல இறங்கியிருக்கீங்களா?”

“எதுக்கு இறங்கணும்? நான் படம் எடுக்கறவன். முதல் நாள்லருந்து லைட்டோடதான்.”

திருத்தம் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவுதானா என்று பட்டாசு அவரைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தலைவி முன்னால் இருந்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்து, விரலை வைத்து ஒரு வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“நாங்க மூணு பேரும் இதைப் படிச்சோம்,” என்றார் தலைவி. குரல் இறங்கியிருந்தது. “ரத்தம் சிவப்புன்னு எழுதியிருந்தா எவனுக்குச் சந்தேகம் வரும்? படிச்சது தரையில உக்காந்துதானே.”

“என்ன? என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” கேமராக்காரர் பதறினார்.

“தப்பே இல்லை. இருபத்தெட்டு மீட்டர்ல மேலருந்து வர்ற வெளிச்சத்துல ரத்தம் பச்சையாத் தெரியும். கடும் பச்சை. நாங்க எல்லாரும் பார்த்திருக்கோம், லைட்டோடயே இறங்குற நீங்க பார்த்திருக்க வழியில்லை. சிவப்பாத் தெரியணும்னா கைக்குப் பக்கத்துல ஒரு லைட் எரிஞ்சாகணும்.”

“கேமரா லைட்தான் செத்துப்போச்சே.”

“ஆமா,” என்றார் தலைவி. “தண்ணிக்குள்ள இருந்தது ரெண்டே பேர்.”

பட்டாசுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கைதட்டப்போன கையைக் கஷ்டப்பட்டு மடியில் வைத்துக்கொண்டாள். எதிராளியின் வாக்குமூலத்தையே சாட்சியாக்கிவிட்டாரே மனுஷன்!

கேமராக்காரர் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிச் சுவர் ஓரமாக நின்றவனைப் பார்த்தார்.

“மணிக்கட்டுல ஏதோ இறுக்கிப் பிடிச்சுது,” என்றார். “கம்பியில மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். அதான் காலால எட்டி உதைச்சுத் தப்பிச்சேன். சுவத்துல உதைச்சேன்னு...”

“சுவர் இல்லண்ணே. என் மூக்கு,” என்றான் தம்பி.

பட்டாசு குபீரென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் அதற்குள் தலைவியே சிரித்திருந்தார். ஏணியில் இடித்துக்கொண்ட மூக்கு என்றுதான் சங்கமே நினைத்திருந்தது.

“ஆளை விட்டுட்டுப் போகலை. அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடி,” என்றார் தலைவி. “லைட் விஷயம் பாக்கி இருக்கு.”

அக்கா எழுந்துவிட்டாள். “லைட்டை மூடினது நான். அந்த முடி என்னோடது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

“அக்கா, உக்காரு!”

“நீ சும்மா இருடா! எனக்காகப் பொய் சொல்வியா? என்னைக் கேட்டியா? வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கறேன்!” திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவன் தோளில் ரெண்டு அடி வைத்தாள்.

“யார் மூடினாலும் இறங்கறதுக்கு முன்னாடி திறந்து பார்க்க வேண்டியது கைடு,” என்றார் தலைவி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றபடி. “ஒரு மாசம் தண்ணியில இறங்கக் கூடாது. அவ்வளவுதான். போங்க.”

யாரும் போகவில்லை. கேமராக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து தம்பிக்கு எதிரே போய் நின்றார். கட்டுப் போட்ட கையை முன்னால் நீட்டினார். காயம்பட்ட உள்ளங்கையைத் தொடக் கூடாது என்று தம்பி மணிக்கட்டைப் பிடித்தான், நாலு விரல் கீழேயும் கட்டைவிரல் மேலேயுமாக.

கேமராக்காரருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

“இதே பிடிதான்,” என்றார். “தம்பி, இதே பிடிதாண்டா. என்னைப் பிடிச்சிருந்தே... நான் உன்னை...”

“பரவாயில்லண்ணே. பயந்துட்டா எல்லாரும் உதைப்பாங்க.”

தம்பி கையை எடுக்கப் பார்த்தான். அவர் இடது கையால் அவன் விரல்களை அழுத்திப் பிடித்து, “கொஞ்ச நேரம் அப்படியே இருடா,” என்றார்.